சிறையில் முகம் வரைந்த நொத்தேர்: ழான்-ஜோசஃப் ஜிருவார் (1794–1855)

நெடுங்கணக்கு (இழையைத் தொடங்கியவர், புதுச்சேரி)

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொத்துச் சட்டங்கள் பற்றிய இழையில் இவர் பெயரைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். தனியாக எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டதால் இந்த இழை.

ழான்-ஜோசஃப் ஜிருவார் 1794 நவம்பர் 13 அன்று கியூபெக் நகரத்தில் பிறந்தவர். அப்பா கப்பல் கட்டுபவர். அம்மா பாயார்ழே குடும்பத்துப் பெண். கியூபெக்கில் தேவாலயங்களைக் கட்டியவர்கள், பலிபீடங்களைச் செதுக்கியவர்கள் எல்லாம் அந்தக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அப்பா இவர் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். பங்குத்தந்தை ஒருவரின் ஆதரவில் படித்து, ஒரு நொத்தேரிடம் (பிரெஞ்சு வழி நோட்டரி) எழுத்தராக இருந்து தொழில் பழகி, 1816ல் தாமே நொத்தேர் ஆனார். மான்ட்ரியலுக்கு வடமேற்கே சேன்-பெனுவா என்ற கிராமத்தில் அலுவலகம் போட்டார். 1818ல் அவ்வூர்ப் பங்குத்தந்தையின் தங்கை மரி-லூயிஸ் ஃபெலிக்ஸைத் திருமணம் செய்துகொண்டார்.

1831ல் தூ-மோந்தாஞ் தொகுதியிலிருந்து கீழ்க் கனடாவின் (இன்றைய கியூபெக்கின் தெற்குப் பகுதி) சட்டமன்றத்துக்குப் போனார். 1834ல் மறுபடியும். அந்தச் சட்டமன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1791ல் பிரிட்டன் கொடுத்த அரசமைப்பின்படி மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை ஒன்று உண்டு. அதற்கு மேலே ஆளுநர் பார்த்து நியமிக்கும் மேலவை. கீழ்ச் சபை எதை நிறைவேற்றினாலும் மேலவை அதைத் தூக்கிக் கிடப்பில் போடலாம். ஆளுநரும் லண்டனும் அதற்கு மேலே. சபையில் பெரும்பான்மை பிரெஞ்சு பேசுகிறவர்கள், மேலவையிலும் அரசுப் பதவிகளிலும் பெரும்பான்மை ஆங்கிலேய வணிகர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும். சண்டை எங்கே போய் முடியும் என்று சொல்லவே வேண்டாம்.

லூயி-ஜோசஃப் பப்பினோவின் தலைமையில் இருந்த பத்ரியோத் (தேசப்பற்றாளர்) கட்சியில்தான் ஜிருவாரும் இருந்தார். 1834ல் சபை 92 தீர்மானங்களாகத் தன் குறைகளை எழுதி லண்டனுக்கு அனுப்பியது. மூன்று ஆண்டு கழித்து, 1837 மார்ச்சில், பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரஸ்ஸலின் 10 தீர்மானங்களாகப் பதில் வந்தது: மேலவையைத் தேர்தலுக்கு விட முடியாது, சபையின் ஒப்புதல் இல்லாமலே ஆளுநர் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கலாம். அங்கிருந்துதான் கதை வேகம் பிடிக்கிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

---

வழக்காடி_மதுரை

ஒரு அடிப்படைச் சந்தேகம் சார். நோட்டரி என்றால் எங்கள் ஊரில் கோர்ட் வாசலில் மர நிழலில் உட்கார்ந்து அஃபிடவிட்டில் முத்திரை குத்துகிறவர். பத்து நிமிட வேலை. அப்படிப்பட்ட ஒருவர் எப்படி ஒரு தொகுதிக்கே தலைவர் ஆனார்? சட்டம் படித்த எனக்கே இது புரியவில்லை.

---

நெடுங்கணக்கு

தம்பி, நீங்கள் சொல்கிற நோட்டரி இங்கிலாந்து வழியில் வந்தவர். நான் சொல்கிறவர் வேறு. பத்திர எழுத்தர், சார்பதிவாளர், குடும்ப வக்கீல் மூன்றையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தால் கிட்டத்தட்ட அவர் வருவார். வழக்கு மட்டும் நடத்த மாட்டார். 1763ல் கனடா பிரிட்டனுக்குப் போனது. ஆனால் 1774ல் வந்த கியூபெக் சட்டம் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தைத் தொடர விட்டது. அதனால் 'பாரிஸ் வழக்காறு' என்ற பழைய சட்டத்தொகுப்பும் நொத்தேர்களும் பிரிட்டிஷ் கொடியின் கீழேயே பிழைத்துக்கொண்டார்கள். 1785ல் ஒரே ஆள் நொத்தேராகவும் வக்கீலாகவும் இருக்கக்கூடாது என்று பிரித்தார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்றால், பத்திரத்தின் மூலப்படி நொத்தேரிடமே இருக்கும். கட்சிக்காரர்களுக்குப் படிகள்தான். அவர் இறந்தால் அந்த மூலங்கள் எல்லாம் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போகும். ஆக ஒரு கிராமத்தின் நிலம், கடன், திருமண ஒப்பந்தம், உயில், இறந்தவர் வீட்டில் கரண்டி வரை எண்ணி எழுதிய சொத்துப் பட்டியல் எல்லாம் ஒரு மனிதரின் அலமாரியில். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்தான் ஊரில் அதிகம். படித்துக் காட்டினேன், கையொப்பமிடத் தெரியாது என்றார் என்று நொத்தேர் எழுதுவார். அவர் சரியாகத்தான் படித்துக் காட்டினார் என்று நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காலத்து தானப் பத்திரங்கள். வயதான அப்பா அம்மா பண்ணையை ஒரு மகனுக்கு எழுதிக் கொடுப்பார்கள். பதிலுக்கு மகன் சாகும்வரை அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். வருடத்துக்கு இவ்வளவு கோதுமை, கொழுத்த பன்றி ஒன்று, பால் கொடுக்கிற பசு (செத்துப்போனால் வேறு பசு), வெட்டி வாசலில் அடுக்கிய விறகு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வண்டி, செத்தபின் இத்தனை பூசை. நம் ஊர் செட்டில்மென்ட் பத்திரத்தில் 'ஆயுள்காலம் வரை பராமரிக்க வேண்டியது' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள் அல்லவா, அப்புறம் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். அந்த ஊர்க் கிழவர்கள் விவரமானவர்கள். அவர்களுக்கு அந்த விவரத்தைச் சொல்லிக் கொடுத்தவர் நொத்தேர்.

பதினைந்து வருடம் இந்த வேலை பார்த்தவரிடம் ஊர் ஓட்டுப் போடாமல் வேறு யாரிடம் போடும்?

---

பனங்கூடல் (மொன்றியல்)

நெடுங்கணக்கு அண்ணை, நல்ல இழை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. எங்கடை பக்கம் காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையில் முடித்தால்தான் செல்லும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. சீதன உறுதி, ஈடு, நன்கொடை எல்லாம் அவரிடம்தான். ஊரில் யார் எவ்வளவு கடன் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும்.

நீங்கள் எழுதிய சேன்-பெனுவா இப்போது தனி ஊர் அல்ல, மிராபெல் மாநகராட்சிக்குள் ஒரு பகுதி. மிராபெல் என்றவுடன் எங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு விமான நிலையம்தான் ஞாபகம் வரும். 1975இல் திறந்தது, எண்பதுகளில் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் அங்கேதான் இறங்கும். நானும் ஒரு பையோடும் ஒரு மெல்லிய சுவெட்டரோடும் அங்கேதான் வந்து இறங்கினேன். அந்த விமான நிலையத்துக்காக 1969இல் ஒட்டாவா அரசு அந்தப் பகுதியில் ஏறத்தாழ 97,000 ஏக்கர் நிலத்தைப் பறித்தது, ஆயிரக்கணக்கானோர் வீடு காணியை விட்டுப் போனார்கள். கடைசியில் 2004இல் பயணிகள் விமானம் நின்றது, பிறகு கட்டடத்தையும் இடித்தார்கள். அந்த மண்ணுக்கு இரண்டாவது தடவை அது. முதல் தடவை என்ன நடந்தது என்பதை அண்ணை எழுதட்டும்.

---

செவ்வந்தி

எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசுகிறோம் என்று தோன்றுகிறது.

அதே அலமாரியில் கடன் பத்திரமும் இருந்தது, இல்லையா? கியூபெக்கில் அப்போது நிலக்கிழார் முறை. விவசாயி ஆண்டுதோறும் நிலக்கிழாருக்கு வாரம் கட்ட வேண்டும், அவருடைய ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், நிலத்தை விற்றால் விலையில் பன்னிரண்டில் ஒரு பங்கு அவருக்கு. இதற்கெல்லாம் பத்திரம் எழுதியது யார்? நொத்தேர். வணிகருக்கு விவசாயி பட்ட கடனை எழுதியது யார்? அவரேதான். கூலி வாங்கிக்கொண்டு. பப்பினோவின் அப்பா ஜோசஃப் பப்பினோவும் நொத்தேர், அரசியல்வாதி. பீப்பாய் செய்கிறவரின் மகனாகப் பிறந்து, பத்திரம் எழுதிச் சம்பாதித்து, கடைசியில் பெத்தித்-நாசியோன் என்ற நிலக்கிழமையையே வாங்கினார். மகன் பப்பினோ சபையில் சுதந்திரம் பேசினார், வீட்டில் நிலக்கிழார். 1854 வரை அந்த முறை ஒழியவில்லை. 'மக்கள் நம்பிய நொத்தேர்' என்று எழுதும்போது இதையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

---

நெடுங்கணக்கு

செவ்வந்தி அம்மா சொல்வது நியாயம். ஒரே ஒரு திருத்தம், நொத்தேர் யார் பக்கத்து வக்கீலும் இல்லை, சட்டப்படி இரு தரப்புக்கும் பொது. நடைமுறையில் பணம் உள்ளவன் பக்கம் மை கொஞ்சம் கூடுதலாக ஊறியிருக்கும், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று. கடன் எழுதுகிறவனுக்குத்தான் ஊர் எவ்வளவு கடனில் இருக்கிறது என்பது தெரியும். 1830களில் கீழ்க் கனடாவில் கோதுமை விளைச்சல் தொடர்ந்து பொய்த்தது. மகன்களுக்குப் பிரித்துக் கொடுக்க நிலம் இல்லை. பக்கத்தில் காலியாக இருந்த அரசு நிலங்கள் லண்டனில் பதிவான கம்பெனிக்குப் போயின. ஒரு நொத்தேர் இதையெல்லாம் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, வாரத்துக்கு நான்கு பத்திரம் எழுதினாலே போதும். ஜிருவாரை நான் புரிந்துகொள்வது இப்படித்தான்: பேச்சாளர் இல்லை, துப்பாக்கிக்காரரும் இல்லை. ஊர்க் கணக்கு அவரை அரசியலுக்குத் தள்ளியது.

சரி, 1837.

கோடை முழுக்கக் கூட்டங்கள். வரி கட்டிய பிரிட்டிஷ் சரக்கை வாங்காதே என்று தீர்மானம். ஆகஸ்டில் சபை கூடியபோது உறுப்பினர்கள் சிலர் வீட்டில் நெய்த முரட்டுத் துணியில் வந்து உட்கார்ந்தார்கள். (நம் ஆட்கள் கதர் கட்டுவதற்கு வெகு காலம் முன்பு.) நவம்பர் 16 அன்று தலைவர்கள் மீது கைது வாரண்ட். நவம்பர் 23 சேன்-தெனியில் பத்ரியோத்துகள் ஜெயித்தார்கள், இரண்டே நாளில் சேன்-ஷார்லில் தோற்றார்கள். பப்பினோ அமெரிக்க எல்லையைத் தாண்டிவிட்டார். அவர் தலைக்கு அரசு அறிவித்த விலை 1,000 பவுண்டு. ஜிருவாரின் தலைக்கு 500. டிசம்பர் 5 அன்று மான்ட்ரியல் மாவட்டத்தில் இராணுவச் சட்டம்.

தெற்கே அடங்கியதும் ஜெனரல் ஜான் கோல்போர்ன் வடக்கே திரும்பினார். டிசம்பர் 14, சேன்-யூஸ்தாஷ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையும் பீரங்கியும் ஒரு பக்கம். மறு பக்கம் மருத்துவர் ழான்-ஒலிவியே ஷெனியேயின் தலைமையில் தேவாலயத்துக்குள் ஒதுங்கிய சில நூறு பேர், அதிலும் பலரிடம் துப்பாக்கி இல்லை. தேவாலயத்துக்குத் தீ வைத்தார்கள். சன்னல் வழியாகக் குதித்தவர்களைச் சுட்டார்கள், ஷெனியே அங்கேயே இறந்தார். பத்ரியோத்துகளில் எழுபது பேர் அளவில் செத்தார்கள்.

மறுநாள் சேன்-பெனுவா. அங்கே சண்டையே நடக்கவில்லை. எதிர்ப்பதில் பயன் இல்லை, ஆயுதத்தைக் கீழே வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஜிருவார் கிளம்பிவிட்டார். ஊர்க்காரர்கள் வெள்ளைக் கொடியோடு போய்ச் சரணடைந்தார்கள். ஆனாலும் ஊர் எரிந்தது. வீடுகள், தேவாலயம், ஜிருவாரின் வீடு எல்லாம். கோல்போர்னுக்குப் பிரெஞ்சுக் கனடாவில் 'கிழட்டுக் கொள்ளிக்கட்டை' என்று பட்டப்பெயர் விழுந்தது.

---

வழக்காடி_மதுரை

சார், கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். ஊரைச் சரணடையச் சொல்லிவிட்டு இவர் மட்டும் ஓடினார் என்றால் அதற்குப் பெயர் என்ன? ஷெனியே நின்று செத்தார். சிலை வைத்தால் அவருக்குத்தானே வைப்பார்கள்?

---

பனங்கூடல்

தம்பி, ஷெனியேக்குச் சிலை இருக்கிறது, மொன்றியலிலேயே. அதுபற்றிக் கவலை வேண்டாம்.

ஓடியதைப் பற்றி. அவர் தலைக்கு 500 பவுண்டு. அவர் ஊரில் இருந்திருந்தால் எரிப்பதற்கு இன்னும் வசதியான காரணம் கிடைத்திருக்கும், குறைந்திருக்காது. அவர் தெற்கே கோத்தோ-து-லாக் பக்கம் ஒளித்திருந்தார். எல்லை கிட்டத்தான், நியூயோர்க் மாநிலத்துக்குள் போயிருக்கலாம், பப்பினோவே போய்விட்டார். ஆனால் கூட்டாளிகள் பிடிபட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் தானே போய்ச் சரணடைந்தார். ஓடியவர் என்று சொல்வதானால் ஓடித் திரும்பி வந்தவர் என்றும் சேர்த்துச் சொல்லுங்கோ.

அவரை அடைத்த சிறை இன்னும் நிற்கிறது. பியே-து-கூரான் என்று பெயர், சாம்பல் கல் கட்டடம், ஜாக்-கார்த்தியே பாலத்தின் காலடியில். பிற்காலத்தில் மதுபான வாரியம் அதை எடுத்துக்கொண்டது, சிறை இருந்த இடத்தில் சாராயக் கணக்கு. முன்னால் 1926இல் வைத்த பத்ரியோத் நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தப் பக்கம் வேலைக்குப் போன நாட்களில் பேருந்தில் தினமும் கடந்திருக்கிறேன். அப்போது எனக்கு அது ஒரு பழைய கட்டடம், அவ்வளவுதான்.

உள்ளே நூற்றுக்கணக்கான கைதிகள். ஜிருவார் என்ன செய்தார் என்றால், ஒன்று, பலருக்கு மனு எழுதிக் கொடுத்தார், சட்ட ஆலோசனை சொன்னார். தொழில் விடவில்லை. இரண்டு, கைதிகளின் முகங்களை வரைந்தார். ஒன்றிரண்டு அல்ல, பல டசின். விவசாயி, மருத்துவர், கடைக்காரர், நொத்தேர் என்று வரிசையாக. பெரும்பாலும் பக்கவாட்டு முகம், மூக்கும் தாடையும் துல்லியமாக. தாய் வழிச் சொந்தம் சிற்பிகள் என்று அண்ணை முதலில் சொன்னது இதற்குத்தான் போல.

அது புகைப்படம் இல்லாத காலம். அந்த எழுச்சியில் சேர்ந்த சாதாரண மனிதர்கள் பலருக்கு அந்தக் கோட்டுச் சித்திரத்தைத் தவிர வேறு முகமே கிடையாது.

---

நெடுங்கணக்கு

அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அவற்றில் வீரம் இல்லை, சங்கிலி இல்லை, வானத்தைப் பார்க்கும் கண் இல்லை. இந்தத் தேதியில் இந்த ஆள் என் முன் இருந்தார் என்று எழுதி வைக்கிற மாதிரி இருக்கின்றன. வேறொரு ஓவியர் அதே அறையில் இருந்திருந்தால் நமக்குத் தியாகிகளின் படங்கள் கிடைத்திருக்கும். நொத்தேர் இருந்ததால் ஆட்களின் படங்கள் கிடைத்தன. எது மேல் என்று என்னைக் கேட்டால் இதுதான்.

---

செவ்வந்தி

படங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இந்த இழையில் இன்னொரு நொத்தேரும் வர வேண்டும், அவர் கதை இவ்வளவு சுமுகமாக முடியவில்லை.

ஜோசஃப்-நார்சிஸ் கார்டினால். 1808ல் பிறந்தவர், 1829ல் நொத்தேர், ஷாதோகேயில் தொழில். 1834ல் லப்ரேரி தொகுதி உறுப்பினர். 1837ல் ஆயுதம் வேண்டாம் என்று இருந்தவர். 1838ல் மனம் மாறினார். நவம்பர் 4 அதிகாலை, இரண்டாவது எழுச்சி தொடங்கிய அன்று, மோஹாக் பூர்வகுடி மக்களின் கானாவாகே ஊரில் துப்பாக்கிகள் இருக்கின்றன, கேட்டு வாங்கலாம் என்று ஆட்களோடு போனார். ஞாயிற்றுக்கிழமை, ஊர் தேவாலயத்தில் இருந்தது. மோஹாக்குகள் வந்தவர்களைச் சுற்றி வளைத்துப் பிடித்து மான்ட்ரியலுக்கு அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கி ஒன்றுகூடக் கைமாறவில்லை.

விசாரித்தது இராணுவ நீதிமன்றம். ஜூரி கிடையாது, நீதிபதி இருக்கையில் இராணுவ அதிகாரிகள். கார்டினாலுக்காக வாதாடிய லூயிஸ் தாமஸ் டிரம்மண்டுக்கு இருபத்தைந்து வயது. பிடிபட்டதும் கைது செய்ததும் இராணுவச் சட்டமும் எந்தத் தேதியில் எது முந்தியது, குடிமக்களைப் படை விசாரிக்கலாமா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மனைவி யூஜெனி வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். கோல்போர்னின் மனைவிக்கே கடிதம் எழுதிக் கெஞ்சினார். 1838 டிசம்பர் 21 அன்று கார்டினாலைத் தூக்கிலிட்டார்கள். கூடவே அவரிடம் தொழில் பழகிய ஜோசஃப் டுகெட் என்ற இளைஞனையும். டுகெட்டுக்குக் கயிறு சரியாக விழாமல் இரண்டாவது முறை ஏற்றினார்கள்.

மொத்தம் 12 பேர் தூக்கில். அதில் மூன்று பேர் நொத்தேர்கள், கார்டினாலும் பியேர்-தெயோஃபில் தெக்வாஞும் 1839 பிப்ரவரி 15 அன்று ஏறிய ஷெவாலியே த லோரிமியேயும். இன்னும் 58 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள்.

இதில் என்னை உறுத்துவது கானாவாகே. மோஹாக்குகளுக்கு அன்று காலை வந்து நின்றவர்கள் யார்? பிரிட்டிஷ் ஆட்சிக்கு அடிமைப்பட்டவர்களா? அவர்கள் நிலத்தில் இருநூறு வருடமாகக் குடியேறி உட்கார்ந்தவர்களின் பேரன்கள் துப்பாக்கி கேட்டு வந்தார்கள், அவ்வளவுதான். 1838 பிப்ரவரியில் பத்ரியோத் தலைவர் ராபர்ட் நெல்சன் வெளியிட்ட சுதந்திர அறிக்கையில் பூர்வகுடிகளுக்குச் சம உரிமை என்று ஒரு பிரிவு இருக்கிறது, நிலக்கிழார் முறை ஒழிப்பும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் நிலம் யாருடையது என்ற பேச்சு அதில் எங்கே?

---

வழக்காடி_மதுரை

அக்கா, இது கொஞ்சம் கடுமையாக இல்லையா? 1838ல் எழுதிய ஒரு அறிக்கையில் பூர்வகுடிச் சமத்துவம் இருப்பதே பெரிய விஷயம். இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அன்றைய ஆட்களை அளந்தால் ஒருவரும் தேற மாட்டார்கள்.

---

செவ்வந்தி

தம்பி, அன்றைய அளவுகோலிலேயே அளக்கிறேன். கேளுங்கள்.

1791 சட்டப்படி கீழ்க் கனடாவில் சொத்து உள்ள 'நபர்' ஓட்டுப் போடலாம். ஆண் என்று எழுத மறந்துவிட்டார்கள். சொத்துள்ள பெண்கள் போய் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டு அப்போது வாய்மொழி, எல்லோர் முன்னாலும் பெயர் சொல்ல வேண்டும். 1809ல் மான்ட்ரியலில் ஒரு மூதாட்டி வந்து தன் மகனுக்கே ஓட்டுப் போட்டார். அவன் நல்ல, விசுவாசமான குடிமகன் என்று காரணமும் சொன்னார். அந்த மகன்தான் நொத்தேர் ஜோசஃப் பப்பினோ.

அந்த மூதாட்டியின் பேரன் லூயி-ஜோசஃப் பப்பினோ தலைமை தாங்கிய சபைதான் 1834ல் பெண்களின் ஓட்டை நீக்கச் சட்டம் நிறைவேற்றியது. லண்டன் வேறு ஏதோ காரணத்துக்காக அந்தச் சட்டத்தையே தள்ளுபடி செய்ததால் தப்பியது, 1849ல் மறுபடி கொண்டுவந்து முடித்துவிட்டார்கள். பாட்டி போட்ட ஓட்டைப் பேரன் பறித்தார். நான் இன்றைய அளவுகோலைத் தொடவே இல்லை.

---

வழக்காடி_மதுரை

இதற்கு என்னிடம் பதில் இல்லை. 😅 ஜிருவார் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தார் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

நெடுங்கணக்கு சார், எரிந்த வீட்டுக்கு நஷ்டஈடு கேட்டார்களா? நம் ஆட்கள் என்றால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

---

நெடுங்கணக்கு

கேட்டார்கள், பெரிதாகவே வெடித்தது.

முதலில் ஜிருவார் கதையை முடிக்கிறேன். 1838 ஜூலையில் ஜாமீனில் வெளியே வந்தார், ஜாமீன் தொகை 5,000 பவுண்டு. நவம்பரில் இரண்டாவது எழுச்சி வந்ததும், அதில் இவர் பங்கு இல்லாதபோதும், மறுபடி பிடித்து உள்ளே போட்டு ஆண்டுக் கடைசியில் விட்டார்கள். வழக்கு நடத்தவே இல்லை, தண்டனையும் இல்லை. இந்த 'தண்டனை இல்லை' என்பது பின்னால் முக்கியமானது.

1841ல் மேல்க் கனடாவையும் (இன்றைய ஒன்டாரியோவின் தெற்குப் பகுதி) கீழ்க் கனடாவையும் ஒன்றாக இணைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆளுநர் சார்ல்ஸ் பேகட் பிரெஞ்சுத் தலைவர்களை அமைச்சரவைக்குள் இழுக்கப் பார்த்தபோது, அரசு நிலங்களுக்கான ஆணையர் பதவியை ஜிருவாருக்குக் கொடுக்க முன்வந்தார். ஐந்து வருடத்துக்கு முன் தலைக்கு 500 பவுண்டு விலை, இப்போது கூப்பிட்டுப் பதவி. இவர் உடம்பு சரியில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். பதவி ஒகுஸ்தேன்-நொர்பேர் மொரேனுக்குப் போனது. இவர் சேன்-பெனுவாவில் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு பத்திரம் எழுதப் போய்விட்டார்.

நஷ்டஈடு. மேல்க் கனடாவில் எழுச்சிக் காலத்தில் சொத்து இழந்தவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். கீழ்க் கனடாவுக்கும் கொடு என்று லாஃபோன்தேன்–பால்ட்வின் அமைச்சரவை 1849ல் சட்டம் கொண்டுவந்தது. கலகம் செய்ததாகத் தண்டனை பெற்றவர்களுக்கும் பெர்முடாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கும் கிடையாது, மற்றவர்களுக்கு உண்டு. சேன்-பெனுவா மாதிரி சரணடைந்த பிறகு எரிந்த ஊர்களுக்கு இது நியாயமாகப் பட்டது. மான்ட்ரியலின் ஆங்கிலேய டோரிகளுக்கோ (பழமைவாதக் கட்சியினர்) ராஜத்துரோகிக்குச் சன்மானம் என்று பட்டது. 1849 ஏப்ரல் 25 அன்று ஆளுநர் எல்கின் பிரபு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது அவர் வண்டி மீது முட்டை வீசினார்கள். இரவில் கூட்டம் கூடி நாடாளுமன்றக் கட்டடத்தையே கொளுத்திவிட்டது. அப்போது நாடாளுமன்றம் மான்ட்ரியலில் இருந்தது, நூலகம் ஆவணம் எல்லாம் சேர்ந்து எரிந்தன, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள். மான்ட்ரியல் அதற்குப் பிறகு தலைநகரமாக இருக்கவே இல்லை.

ராஜ விசுவாசிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள்தான் ராஜாங்கத்தின் சபையைக் கொளுத்தினார்கள். பத்ரியோத்துகள் இத்தனை ஆண்டுகளில் எந்தச் சட்டமன்றத்தையும் எரிக்கவில்லை என்பதை இங்கே கொஞ்சம் குறும்போடு சொல்லிக்கொள்கிறேன்.

---

பனங்கூடல்

மே மாதத்தில் மற்ற மாகாணங்கள் பலவும் விக்டோரியா மகாராணி பிறந்தநாள் என்று லீவு எடுக்கும் திங்கட்கிழமை, கியூபெக்கில் 2003இலிருந்து பத்ரியோத் தினம். ஒரே லீவு, பெயர் மட்டும் வேறு. என் பேரப்பிள்ளைக்கு ஏன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பப்பினோ பெயர் தெரியும், ஜிருவார் பெயர் தெரியாது.

அண்ணை, கடைசிக் காலம் எப்படி?

---

நெடுங்கணக்கு

முதல் மனைவி மரி-லூயிஸ் 1847ல் இறந்தார். 1851ல் எமெலி பெர்த்தலோவை மணந்தார், சேன்-யூஸ்தாஷ் பெண், இவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். இரண்டு மகன்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து சேன்-பெனுவாவில் ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும் ஒரு ஆதரவு இல்லம் அமைத்தார்கள், சாம்பல் அங்கிச் சகோதரிகள் என்று அறியப்படும் மான்ட்ரியல் கன்னியர் சபை வந்து நடத்தியது. 1855 செப்டம்பர் 18 அன்று அதே ஊரில் காலமானார். அப்போது மகன்கள் கைக்குழந்தைகள். மூத்தவர் ஜோசஃப் வளர்ந்து நொத்தேராகவும் பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

---

செவ்வந்தி

ஆதரவு இல்லத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன். 1834 ஓட்டுக்குக் கழித்துக்கொள்கிறேன். கார்டினாலின் யூஜெனியைப் பற்றி யாராவது தனி இழை தொடங்கினால் வருகிறேன். கணவனைத் தூக்கிலிட்ட பிறகு அவரும் ஐந்து பிள்ளைகளும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் நான் தெரிந்துகொள்ள விரும்புவது.

---

வழக்காடி_மதுரை

அந்தப் படங்களை எங்கே பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே?

---

பனங்கூடல்

தம்பி, ஒட்டாவாவில் கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, அங்கே இருக்கின்றன. இணையத்திலும் தேடலாம், ஜிருவார் என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் போட வேண்டும். லோரிமியே படத்தையும் கட்டாயம் பார்க்கவும். செவ்வந்தி பிள்ளை, யூஜெனி பற்றிய இழையை நானே தொடங்குகிறேன், இந்தக் கிழமை முடிவதற்குள்.